நடுவழியில் நிற்கும் வாகனம்: பழுது எஞ்சினிலா, புதிதாகப் போட்ட சென்சரிலா?

விடியற்புறம் 4 மணிக்குப் பரந்தனுக்கு உட்புறமாக உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வெளிக்கிடும் வான், 6 மணிக்கு முன்னர் திருநெல்வேலிச் சந்தையில் நிற்க வேண்டும். பிந்தினால் மொத்த வியாபாரிகள் கொள்வனவை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சுகின்ற கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் சில்லறைக்காரர் கேட்கும் விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 2023 ஆம் ஆண்டு சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் இந்த வான் 19 தடவைகள் வழியில் நின்றது. இந்த எண்ணிக்கை எவருடைய ஞாபகத்திலிருந்தும் வந்ததல்ல. வானைக் கூட்டாக வாங்கிய எட்டுக் குடும்பங்களின் கணக்கை வைத்திருக்கும் அக்கா ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்திருந்தார். அந்தக் கணக்குக் கொப்பியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ஏனென்றால் பழுதைக் கண்டுபிடித்ததே அந்தக் கொப்பிதான்.

எட்டுக் குடும்பங்களும் பல தடவை இடம்பெயர்ந்து, 2009 இல் மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்பு காணிக்குத் திரும்பியவர்கள். வான் 1990 களின் யப்பான் தயாரிப்பு. பெற்றோல் எஞ்சின், காபரேற்றர் இல்லாத, எரிபொருளைத் தெளித்து ஊட்டுகின்ற வகை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இந்த ஐந்தாண்டு இடைவெளியில், ஓடி முடிந்துவிட்டது என்று ஒதுக்கியிருக்க வேண்டிய வாகனங்களையும் நாம் திருத்தித் திருத்தி ஓட்டினோம். விலையோ குறையவில்லை, ஏறியது. எனவே எமது வாசகர்களில் பலரிடம் இருப்பது இருபது, முப்பது வருடம் பழகிய வாகனந்தான். இன்னும் உறவினர் காணியிலும் வாடகை வளவிலும் இருந்துகொண்டு, விடுவிக்கப்பட்ட சொந்தத் தோட்டத்திற்குப் பங்கு வாகனத்தில் போய்வருகின்ற குடும்பங்களுக்கு அது நின்றால் அன்றைய வேலை நின்றது.

முதலில் அந்த வானுக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதற்கடையில் பெற்றோல் வடியும் பெற்றோல் பம்பும் மாற்றினார்கள். பயனில்லை. இரண்டாவது கடையில் எச்சரிக்கை விளக்கின் குறியீட்டை வாசித்து, ‘எஞ்சின் சுழலும் சமிக்ஞை இல்லை’ என்று வருவதால் சுழற்சிச் சென்சர் பழுது என்று சொல்லிப் புதியது ஒன்று போட்டார்கள். பளபளவென்ற பெட்டி, 8,500 ரூபா. ஒரு கிழமை நல்ல ஓட்டம். பிறகு முன்னரை விட மோசம். மூன்றாவது இடத்தில், “சென்சரும் புதிது, பம்பும் புதிது, அப்ப இனி கொம்பியூட்டர்தான்” என்று முடிவு சொன்னார்கள். பாவித்த கொம்பியூட்டர் ஒன்று எடுக்க ஒரு இலட்சத்துக்குக் கிட்ட வேண்டும் என்றார்கள். கணக்கு அக்கா தன் சங்கிலியை அடைவு வைப்பதற்கு ஆயத்தமாகிவிட்டார். “பாதர், இதுவும் பிழைச்சால் வானை இரும்புக்குக் குடுக்கிறதுதான்” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விடயம் தெரியவந்தது.

மெக்கானிக்மாரைக் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. 1990 களில் வடக்கிற்குப் பெற்றோல் வரத் தடை இருந்த காலத்தில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் எமது மெக்கானிக்மார். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் அவர்களின் காதும் மூக்கும் அறிந்திருந்தன. ஆனால் சென்சரின் பழுது காதுக்குக் கேளாது; மூக்குக்கு மணக்காது. கையில் எடுத்துப் பார்த்தாலும் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பாகத்தை மாற்றிப் பார்ப்பதே சோதனையாகிவிடுகிறது. மாற்றிய பாகம் நல்லது என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சோதனை நிற்கிறது. புதியதே பழுதாக இருந்தால் அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பிழைக்கும்.

சென்சர் என்ன செய்கிறது?

சிறு பிராயத்தில் சைக்கிள் சில்லின் கம்பிகளுக்கிடையில் கடதாசி மட்டையைச் செருகி ‘டிக் டிக்’ என்று சத்தம் எழுப்பியிருப்பீர்கள். சத்தம் விரைந்தால் சில்லு விரைகிறது. சத்தம் நின்றால் சில்லு நின்றுவிட்டது. எஞ்சினின் கிராங் தண்டோடு ஒரு பற்சில்லு சுழல்கிறது. அதன் அருகே, முட்டாமல், நூல் அளவு இடைவெளியில் ஒரு சென்சர் பூட்டப்பட்டுள்ளது. சாதாரணமாக அரை மில்லிமீற்றரிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் வரையான இடைவெளி. உள்ளே ஒரு காந்தமும் மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருளும் உண்டு. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு சிறு மின்துடிப்பு பிறக்கிறது. சில்லில் வேண்டுமென்றே ஒன்றிரண்டு பற்களை விட்டிருப்பார்கள். அந்த வெற்றிடம் வரும்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கொம்பியூட்டர் அறிந்துகொள்கிறது. சில வாகனங்களில் இதே வேலை டிஸ்ரிபியூட்டருக்குள் நடக்கும்.

இந்தத் துடிப்பு வராவிட்டால் எஞ்சின் நின்றுவிட்டது என்று கொம்பியூட்டர் எடுத்துக்கொள்ளும். உடனே தீப்பொறியையும் பெற்றோலையும் நிறுத்திவிடும். அது சரியான செயலும்கூட. விபத்தில் எஞ்சின் நின்ற பின்பும் பம்ப் பெற்றோலை இறைத்துக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? ஆகவே நல்ல எஞ்சின், நல்ல பம்ப், நல்ல பிளக் எல்லாம் இருந்தும், ஒரு மயிரிழைக் கம்பி விட்டுப்போனால் வாகனம் நிற்கும்.

மலிவுச் சென்சர்களில் பிழைப்பது பெரும்பாலும் வெப்பத்தில்தான். எஞ்சின் சூடாகும்போது உள்ளே வார்க்கப்பட்ட பசையும் கம்பியும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. நன்றாகச் செய்யப்படாத சுருளில் கம்பி எங்கோ ஓரிடத்தில் விலகுகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இதனாலேயே ‘அரை மணித்தியாலம் விட்டால் தானாக ஸ்ராட் வரும்’ என்ற பேய்க்கதை உருவாகிறது. வேறு குறைகளும் உண்டு. மூக்கு ஒரு மில்லிமீற்றர் கட்டையாக இருந்தால் இடைவெளி கூடி, ஸ்ராட் செய்யும் மெதுவான சுழற்சியில் துடிப்பு போதாது. காந்தம் வலுக்குறைந்ததாக இருக்கலாம். இரண்டு கம்பிகளும் உள்ளே மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் துடிப்பு தலைகீழாக வந்து எஞ்சின் தடுமாறும். சென்சர் வயரைச் சுற்றி இருக்க வேண்டிய உலோக உறை இல்லாதிருந்தால், பக்கத்துப் பிளக் வயரின் இரைச்சல் அதற்குள் புகுந்துவிடும்.

நிற்கின்ற விதத்தைப் பாருங்கள்

வாகனம் எப்படி நின்றது என்பதை ஓட்டுநர் சொல்ல முடியுமானால் பாதி வேலை முடிந்தது. பெற்றோல் போதாமல் நிற்கும் எஞ்சின் இழுக்கும், திணறும், ஏற்றத்தில் வலுவிழக்கும், பிறகே நிற்கும். சுழற்சிச் சென்சர் விட்டால் திறப்பைத் திருப்பி நிறுத்தியது போல ஒரே வெட்டாக நிற்கும். எஞ்சின் வேகம் காட்டும் முள் உங்கள் வாகனத்தில் இருந்தால் அதைக் கவனியுங்கள். வாகனம் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூச்சியத்தில் விழுந்துவிட்டால் சந்தேகம் இந்தப் பக்கம்தான். முன்தட்டிலுள்ள எல்லா விளக்குகளும் முட்களும் சேர்ந்தே செத்துப்போனால் சென்சரைத் தேட வேண்டாம். பற்றறி முனை, நிலக்கம்பி, தேய்ந்த திறப்புச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். எத்தனையோ ‘சென்சர் பழுதுகள்’ தளர்ந்த பற்றறி முனையோடு முடிந்திருக்கின்றன.

காலை எடுத்தவுடன், சந்தியில் மெதுவாகும்போது மட்டும் நிற்கின்றதா? அது பெரும்பாலும் வேறு கதை: எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றை அளந்து விடும் வால்வில் கரி பிடித்திருக்கும். துப்புரவாக்கினால் போதும், காசு அதிகம் செல்லாது.

திறப்பைப் போட்டதும் முன்தட்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்ராட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். விற்றவர் குமிழைக் கழற்றியிருக்கலாம். விளக்கு எரிந்தால், பற்றறியைக் கழற்ற முன்னர் குறியீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். பற்றறியைக் கழற்றினால் பழைய வாகனங்களில் குறியீடு அழிந்துவிடும். 1990 களின் டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் எஞ்சினுக்கு அருகிலுள்ள சோதனைப் பெட்டியில் ‘டீஈ1’, ‘ஈ1’ என்ற இரண்டு முனைகளை வயர்த் துண்டால் இணைத்துத் திறப்பைப் போட்டால், விளக்கு மினுங்கிக் குறியீட்டைச் சொல்லும். ஒரு மினுக்கம், ஓர் இடைவெளி, பிறகு மூன்று மினுக்கம் என்றால் 13. ஓடும்போது சுழற்சிச் சமிக்ஞை இழந்தது என்று பொருள். 22 குளிர்நீர் வெப்பச் சென்சர், 31 உள்ளிழுக்கும் காற்றை அளப்பது, 41 திறொட்டில் சென்சர். விளக்கு நிறுத்தாமல் ஒரே சீராக மினுங்கினால் பதிவான பழுது எதுவும் இல்லை. முனைகளின் பெயர் மூடியில் எழுதியிருக்கும். தெளிவாக வாசிக்க முடியாவிட்டால் கை வைக்க வேண்டாம். பிழையான முனைகளை இணைத்தால் நல்ல கொம்பியூட்டரையும் எரித்துவிடலாம். பிந்திய வாகனங்களில் கருவி பூட்டி வாசிக்க வேண்டும். அங்கே ‘பி0335’ என்பது கிராங் சென்சர் சுற்றைக் குறிக்கும், ‘பி0340’ காம் சென்சர் சுற்றைக் குறிக்கும்.

‘சுற்று’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சமிக்ஞை வந்து சேரவில்லை என்பதைத்தான் குறியீடு சொல்கிறது. அதைத் தொலைத்தது சென்சரா, வழியிலுள்ள வயரா, செருகியா என்பது அதற்குத் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் பாத்திக்கு வராவிட்டால் பம்ப்தான் பழுது என்று உடனே சொல்வோமா? வாய்க்கால் உடைந்ததா என்று நடந்து பார்ப்போமல்லவா.

கணக்குக் கொப்பி சொன்னது

நாங்கள் கூட்டிச் சென்ற மெக்கானிக் தம்பி கிளிநொச்சியில் சிறு கொட்டில் ஒன்றில் வேலை செய்பவர். எஞ்சின் மூடியைத் திறக்க முன்னர், “எப்ப எப்ப நிண்டது?” என்று கேட்டார். ஓட்டுநர், “கண்டபடி நிக்கும்” என்றார். அக்கா கொப்பியை நீட்டினார். அவர் எழுதி வைத்தது வாகனத்துக்காக அல்ல. நட்டத்தை எட்டாகப் பிரிப்பதற்காக. திகதி, நேரம், இடம், எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை கிலோ விலைபோகவில்லை. அவ்வளவுதான்.

தம்பி அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சென்சர் மாற்றிய நாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருந்த இடங்கள்: வாய்க்கால் பாலம், உள்வீதிக் குழி, றெயில் கடவை, மறுபடி வாய்க்கால் பாலம். நின்ற நேரம் ஒன்று, இரண்டு நிமிடம். கோட்டுக்குக் கீழே: பளை தாண்டி, கொடிகாமம், சந்தையில் மரக்கறி இறக்கியபின், வரும் வழியில் மிருசுவில். நின்ற நேரம் 25 நிமிடம், 40 நிமிடம், அரை மணி. “அக்கா, இது ஒரு வருத்தமில்லை, ரெண்டு வருத்தம்” என்றார் அவர்.

மேலே உள்ளது குலுக்கத்தில் நிற்பது. உடனே சரியாகிவிடுகிறது. கீழே உள்ளது சூட்டில் நிற்பது. ஆறினால்தான் சரியாகிறது. முதலாவது பழுதைத் தீர்க்க வாங்கிய பாகம் இரண்டாவது பழுதைக் கொண்டுவந்திருந்தது. இரண்டும் ஒரே குறியீட்டைக் காட்டியதால் எல்லோரும் ஒரே பழுது தொடர்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

அவர் சென்சரிலிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். பற்றறித் தட்டுக்கு அடியில், ஒரு இரும்புக் கவ்வியோடு உரசுமிடத்தில், வயரின் மேலுறை இல்லை. எலி கடித்ததா, உரசித் தேய்ந்ததா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. நெல் மூடை ஏற்றிய வாகனத்தில் எலி குடிவருவது புதினமல்ல. செம்பு பச்சை பிடித்து, இரண்டு இழைகளே மிஞ்சியிருந்தன. வெட்டி, ஈயம் ஒட்டி, மேலுறை சுருக்கி, வெளி உலோக உறையையும் மறுபடி இணைத்துக் கவ்வியிலிருந்து விலக்கிக் கட்டினார். செலவு 1,500 ரூபாவுக்குள்.

அடுத்து, “பழைய சென்சர் எங்க?” என்றார். வீசியிருந்தால் இந்தக் கதை இங்கே நின்றிருக்கும். நல்லவேளையாக ஓட்டுநர் அதைச் சாவிப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய கொதிநீர்ச் சோதனை

இந்தச் சோதனைக்கு வேண்டியவை மலிவான மல்ரிமீற்றர் ஒன்று, தடித்த பொலித்தீன் பை ஒன்று, ஒரு பாத்திரம் கொதித்த தண்ணீர். கழற்றிய சென்சரின் இரண்டு முனைகளிலும் மீற்றர் வயர்களை இறுக்கிப் பிடிக்கச் செய்து ஓம் அளவைப் பாருங்கள். வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். சில நூறு ஓமிலிருந்து இரண்டாயிரம் ஓமுக்கு மேலும் இருக்கலாம். இப்போது சென்சரின் மூக்கைப் பைக்குள் விட்டு, வாயை நூலால் கட்டி, செருகிப் பக்கம் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி சுடுநீரில் பிடியுங்கள். 10 அல்லது 15 நிமிடம் பொறுமையாக மீற்றரைப் பாருங்கள். செம்பு சூடாகும்போது தடை கூடுவது இயல்பு. 1,000 ஓம் இருந்தது மெல்ல மெல்ல 1,200 அளவுக்கு ஏறினால் அது நல்ல சென்சரின் நடத்தை. ஏறிக்கொண்டிருந்த வாசிப்பு திடீரென்று துள்ளினால், அல்லது முடிவிலி காட்டினால், கம்பி விட்டுவிட்டது. ஆறவிடுங்கள்; வாசிப்பு திரும்பிவந்தால் வழியில் நின்ற காரணம் உங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் புதிய சென்சர் ஏழாவது நிமிடத்தில் முடிவிலி காட்டியது. பழையது 20 வருடத்துக்கு மேல் உழைத்ததாக இருந்தும் கால் மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் நின்றது.

இந்தச் சோதனை இரண்டு வயர் உள்ள காந்தச் சுருள் வகைக்கு மட்டுமே. (இரண்டு வயரோடு வெளி உறைக்கென மூன்றாவது முனை உள்ளவையும் இருப்பதால் செருகியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.) மின்னழுத்தம் வேண்டி நிற்கின்ற ஹோல் வகைச் சென்சருக்கு மூன்று வயர்கள். அதில் ஓம் அளப்பதால் எதுவும் தெரியாது. அதற்குச் செருகியைக் கழற்றி, திறப்பைப் போட்டு, வாகன வகைக்கு ஏற்ப 5 அல்லது 12 வோல்ற் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நடுவழியில் நிற்கும்போது மீற்றர் இராது. ஒரு பழைய துணியை நனைத்துச் சென்சரின் மேல் ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். உடனே ஸ்ராட் வந்தால் சூட்டுப் பழுது உறுதியாகிறது. தண்ணீரை வாளியால் ஊற்ற வேண்டாம். பக்கத்தில் கொதிக்கும் புகைக்குழாயின் வார்ப்பிரும்பு வெடிக்கலாம். டிஸ்ரிபியூட்டருக்குள் தண்ணீர் போனால் அன்று முழுதும் வாகனம் அசையாது.

மற்றைய இரண்டு சென்சர்கள்

குளிர்நீர் வெப்பச் சென்சரும் வாகனத்தை நிறுத்தக்கூடியது. அது சூடேறத் தடை குறைகின்ற வகை. பல யப்பான் வாகனங்களில் 20 பாகை செல்சியசில் 2,000 முதல் 3,000 ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். எமது பகுதித் தண்ணீர் 30 பாகைக்கு அண்மையில் இருப்பதால் குளிர் வாசிப்பு 2,000 இற்குச் சற்றுக் குறைவாக வரலாம். மேற்படி பாத்திரச் சோதனையை இதற்கும் செய்யலாம். மலிவுத் தயாரிப்பு சூட்டிலும் குளிர் என்று பொய் சொன்னால் கொம்பியூட்டர் பெற்றோலை அள்ளி ஊற்றும். கரும்புகை, கறுத்த பிளக், குடிக்கிற பெற்றோல், சந்தியில் நிற்கும் எஞ்சின் எல்லாம் அதனால் வரும். குளிரிலேயே சூடு என்று பொய் சொன்னால் காலையில் ஸ்ராட் வராது, வந்தாலும் நிற்கும். இன்னொரு விடயம்: பழைய வாகனங்கள் பலவற்றில் இரண்டு வெப்பச் சென்சர்கள் உண்டு. ஒற்றை வயர் உள்ளது முன்தட்டு முள்ளுக்கு. இரண்டு வயர் உள்ளதே கொம்பியூட்டருக்கு. ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கி வந்து கஷ்டப்பட்டவர்கள் உண்டு.

காற்றை அளக்கும் சென்சர் சூடான நுண்கம்பி வகையானால் எமது செம்மண் தூசு அதற்கு எமன். செருகியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது கொம்பியூட்டர் ஓர் உத்தேசக் கணக்கில் ஓட்டும். செருகியோடு ஓடியதை விடச் செருகி இல்லாமல் நன்றாக ஓடினால் சந்தேகம் அதில்தான். அழுத்தம் அளக்கும் வகையானால், சென்சரை மாற்ற முன்னர் அதற்குப் போகும் சிறு இறப்பர்க் குழாயைப் பாருங்கள். வெயிலில் வெடித்த குழாய் சில நூறு ரூபா. சென்சர் பல ஆயிரம்.

டீசல் வாகனம் வைத்திருப்போர் இதையெல்லாம் வாசித்துப் பயப்படத் தேவையில்லை. பழைய இயந்திரப் பம்ப் கொண்ட டீசல் வானிலும் லேண்ட்மாஸ்டரிலும் இந்தச் சென்சர்கள் இல்லை. டீசல் வான் வெட்டென்று நின்றால் பம்பிலுள்ள டீசல் தடுக்கும் மின்வால்வுக்கு 12 வோல்ற் வருகிறதா, டீசல் வழியில் காற்றுப் பிடித்ததா என்று பாருங்கள்.

வாங்கும்போது

பழைய சென்சரைக் கையோடு கொண்டுபோங்கள். மூக்கின் நீளம், தடிப்பு, செருகியின் முனைகள், பூட்டும் துளை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூக்கு நீளமாக இருந்தால் பற்சில்லு அதனை வெட்டிவிடும். மீற்றர் இருந்தால் கடையிலேயே ஓம் பாருங்கள். பழையதற்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. பெட்டியில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டி அச்சிடுவது சென்சர் செய்வதை விட இலேசு. எனது அனுபவத்தில், முன்பின் அறியாத புதிய சென்சரை விட, ரீகண்டிஷன் எஞ்சினோடு வந்த பாவித்த அசல் சென்சர் மேல். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இவை கிடைக்கும். ஊர்க் கடைக்காரர் சொல்லி எடுப்பிக்கவும் முடியும். அதையும் கொதிநீரில் பார்த்தே பூட்டுங்கள். பற்றுச்சீட்டு வாங்கி, ‘சூட்டுச் சோதனையில் பிழைத்தால் திருப்பி எடுப்போம்’ என்று அதிலேயே எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் ஏன் வாங்க வேண்டும்?

நிற்கும் வாகனம் ஆபத்தானது

நட்டத்தை விட இது பெரிது. ஓடும்போது எஞ்சின் நின்றால் பவர் ஸ்ரியறிங் கல்லாகும். பிறேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக, பலமாக, பிடித்தபடியே ஓரம்கட்டுங்கள். வாகனம் உருளும்போது திறப்பை முற்றாகத் திருப்பி எடுத்துவிட வேண்டாம், ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும்.

யாழ்ப்பாணம் வரையான புகையிரதப் பாதை 2014 இல் மீண்டும் திறக்கப்பட்டபின் எமது சந்தை வழிகளில் கடவைகள் பல. அவற்றில் குலுக்கம் இருப்பதால் வயர்ப் பழுதுள்ள வாகனம் அங்கேயே நிற்க விரும்பும். அக்காவின் கொப்பியிலும் ‘றெயில் கடவை’ இரண்டு தடவை உண்டு. நின்றால் முதலில் ஆட்களை இறக்குங்கள். புகையிரதம் வருகின்ற அறிகுறி இல்லையென்றால் மட்டும், கியர் வாகனமானால் முதலாம் கியரில் போட்டு, கிளச்சை மிதிக்காமல் திறப்பைத் திருப்பிப் பிடியுங்கள். எஞ்சின் பிடிக்காவிட்டாலும் ஸ்ராட்டர் மோட்டார் வாகனத்தைச் சில மீற்றர் இழுத்துவிடும். கிளச் மிதிக்காமல் ஸ்ராட்டர் சுற்றாத வாகனங்களில் இது நடவாது. உங்கள் வாகனம் எந்த வகை என்று வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரந்தன் வானில் பழைய சென்சரையே மறுபடி பூட்டினார்கள். சுடுநீர்ச் சோதனையைக் கடைக்காரருக்கு முன்னாலேயே செய்துகாட்டினோம். அவர் முழுப்பணமும் தர மறுத்து, 5,000 ரூபாவைத் திருப்பித் தந்தார். சங்கிலி அடைவுக்குப் போகவில்லை. அக்கா இப்போதும் கொப்பியில் நேரமும் இடமும் எழுதுகிறார். ஒரு புதிய நிரலையும் சேர்த்திருக்கிறார்: ‘குலுக்கமா, சூடா?’ என்று. நான் கடைசியாகப் பார்த்தபோது அந்த நிரலில் ஒரேயொரு பதிவுதான் இருந்தது. ‘பெற்றோல் முடிந்தது’ என்று எழுதி, ஓட்டுநரின் பெயரையும் எழுதிக் கீழே கோடிட்டிருந்தார்.